நிழலுக்கு மீசை உண்டா?

சித்தூர்
மார்ச் 18, 2001

அன்புள்ள சுலோசனாவுக்கு,

உன் வீட்டுக்காரன் சம்பத், மாம்பழக் கூழ் ஃபாக்டரி கேட் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகினு எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் கொஞ்சம் ஜலதோஷம். நீ எப்படி இருக்கிறாய்? உன் மேடம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதாவது நீ வைக்கிற ரசத்தைக் குடிக்கிறார்களா? குவைத் வெயிலுக்கு நம்ம நகரி வெயில் தங்கச்சி என்று எழுதியிருந்தாய். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வெளியே போ.

போன வாரம் ஊருக்குப் போய் வீட்டைக் கூட்டி விளக்கு வைத்துவிட்டு வந்தேன். கூரையில் இரண்டு ஓடு நகர்ந்திருந்தது, ஏறிச் சரி பண்ணினேன். ஏறினது நான், இறங்கினதும் நான், நடுவில் கத்தினதும் நான்தான். காயம் இல்லை. பயப்படாதே.

நீ அனுப்பின போட்டோ வந்து சேர்ந்தது. கடற்கரையில் நிற்கிறாய், முந்தானை பறக்கிறது, பல் தெரியச் சிரிக்கிறாய். நம்ம கல்யாண போட்டோவில்கூட இப்படிச் சிரிக்கவில்லை. அதில் பக்கத்தில் நான் நின்றதால் இருக்கலாம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் உன் காலடி மணலில் ஒரு நிழல் விழுந்திருக்கிறது. போட்டோ எடுத்தவங்க நிழல். நீளமாக, தோள் அகலமாக இருக்கிறது. ஃபாக்டரி ஆபீசில் பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தேன். நிழலுக்கு மீசை உண்டா இல்லையா என்று தெரியவில்லை. யார் எடுத்தது என்று ஒரு வரி எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தப்பாக நினைக்காதே. இது கேட்டில் உட்கார்ந்து பழகின புத்தி. சாயங்காலம் வேலை முடிந்து போகிற பொம்பளைங்க பையை, டிபன் பாக்ஸை எல்லாம் திறந்து பார்த்துத்தான் வெளியே விட வேண்டும் என்பது ஓனர் உத்தரவு. இப்போது பப்பாளியும் கொய்யாவும் ஓடுகிறது, மாங்காய் இன்னும் இறங்கவில்லை. பழம் நறுக்குகிற ஷெட்டில் செங்கம்மா என்று ஒரு மேஸ்திரியம்மா. தினமும் டிபன் பாக்ஸை என் மூக்குக்கு நேராகத் திறந்து, நல்லா மோந்து பாரு சாமி, எங்க வீட்டுக் கருவாட்டு வாசனை, உங்க ஓனருக்கும் கொஞ்சம் எடுத்துக்கினு போ என்கிறாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே பையையும் பார்த்துவிடுவேன்.

இப்போது நம்ம பொண்ணு கீர்த்தி விஷயம். சுற்றிச் சுற்றி இங்கே வரத்தான் இவ்வளவு நேரம்.

பொங்கலுக்கு வந்தவள் அப்புறம் ஊர்ப்பக்கம் வரவில்லை. முன்னே எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருப்பதியில் பஸ் ஏறிப் புத்தூர் வழியாக வந்து குதிப்பாள். இப்போது போன் பண்ணினால், ப்ராஜெக்ட் இருக்கு நைனா, லேப் இருக்கு நைனா. நான் ஒன்பதாவது இரண்டு தடவை படித்தவன், எம்.சி.ஏ.வில் என்ன இருக்கும் என்ன இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருக்கும் என்றால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் போன செவ்வாய்க்கிழமை கங்கையா வந்தான். நம்ம தெரு கோடி வீட்டுக் கங்கையாதான், பஸ் கண்டக்டர். டீ குடித்துவிட்டு, சொல்லலாமா வேணாமா என்று தலையைச் சொறிந்து, கடைசியில் சொன்னான். திருப்பதியில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தானாம். கீர்த்தி ஒரு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போய்க்கினு இருந்தாளாம். ஓட்டினது யாரு என்றேன். முகம் தெரியல மாமா, முதுகுதான் தெரிஞ்சது, மொட்டைத் தலை, தலையில சந்தனம் என்றான். திருப்பதியில் போய் மொட்டைத்தலையன் ஒருத்தனை எங்கே என்று தேடுவது? அந்த ஊரில் தலைமயிர் இருக்கிறவனைத் தேடினால்தான் சீக்கிரம் கிடைப்பான்.

கங்கையா என்னிடம் மட்டுமா சொல்லியிருப்பான்? மறுநாளே உன் பெரியப்பா மகன் வேதாச்சலம் வந்துவிட்டான். மச்சான், பொட்டப்புள்ளைய இவ்ளோ படிக்க வெச்சதே ஜாஸ்தி என்று ஆரம்பித்தான். ஆத்தா குவைத்துல, அப்பன் ஃபாக்டரி கேட்டுல, பொண்ணு திருப்பதியில, நடுவுல ஒழுக்கத்துக்கு யாரு காவல் என்று கேட்டான். அடுத்து ப்ராஜெக்டுன்னு ஹைதராபாத் அனுப்பினா அவ்ளோதான், கையில சிக்காது. எம்பையன் புருஷோத்தமன் கட்டிக்கறேன்னு சொல்றான், முறைப்பையன், திருப்பதியிலயே சொந்தமா சுமோ வண்டி ஓட்றான், படிப்பை இத்தோட நிறுத்திட்டு முடிச்சிடலாம் என்றான்.

ஏர்போர்ட்டில் நீ என்னிடம் வாங்கின சத்தியம் ஞாபகம் இருக்கு. இவள் படித்து முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சுக்கு வாயைத் திறக்காதே என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

பதில் போடு. நிழல் விஷயத்தையும் மறக்காதே.

உன்னை நினைத்துக்கொண்டே பை சோதிக்கிற
சம்பத்


சித்தூர்
ஏப்ரல் 22, 2001

அன்புள்ள சுலோசனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாய், ஓடு நகர்ந்ததற்குக்கூட. நிழலுக்கு மட்டும் பதில் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

கீர்த்தியைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அவளைப் பாக்காதே, அவளைச் சுத்தி யாரு நிக்கறாங்கன்னு பாரு. நாலு தடவை படித்தேன். பார்த்தாயா, பெற்ற வயிறு, உனக்கும் சந்தேகம் இருக்கிறது. அந்த மொட்டையனைத்தானே பார்க்கச் சொல்கிறாய்?

சொன்னபடியே போனேன். முன்னால் சொல்லாமல் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். அங்கே கேட்டில் ஒரு வாட்ச்மேன் அம்மா. எவரு காவாலி, யார் வேணும் என்றாள் தெலுங்கில். கீர்த்தியோட நைனா என்றேன். நம்பவில்லை. என் பையை வாங்கித் திறந்து, உள்ளே இருந்த அதிரசத்தைப் பிரித்து, மோந்து பார்த்தாள்! செங்கம்மா அங்கே இருந்திருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். ஒரே தொழில்காரனிடமே இப்படியா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கீர்த்தி கம்ப்யூட்டர் சென்டர் போயிருக்கிறாள், உட்காரு என்றாள். உட்கார்ந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் சந்து முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எழுந்து, வேட்டியைச் சரிபண்ணி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் புகைதான் மிச்சம். கீர்த்தி மட்டும் நடந்து வருகிறாள். என்னைப் பார்த்ததும் ஒரு விநாடி முகம் மலர்ந்தது. அப்புறம் என் கண் சந்து முனையில் இருப்பதைப் பார்த்தாள். மலர்ந்தது அப்படியே மூடிக்கொண்டது.

யாரும்மா கொண்டாந்து விட்டது என்றேன். எங்க மேடம் என்றாள். மொட்டை அடித்துக்கொண்டு சந்தனம் பூசின மேடம் எந்த ஊரில் இருக்கிறாள் சொல்லு? ஆனால் நான் கேட்கவில்லை. அதிரசத்தைக் கொடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு நைனா, பத்திரமா போ என்றாள். முன்னே எல்லாம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து ஏற்றிவிடுவாள். இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கமே வரமாட்டேன் என்கிறாள். அது ஏன்? அங்கே அவளை யாருக்காவது தெரியுமா? நீயே யோசித்துப் பார்.

இனிமேல் எழுதுவதைப் படித்துவிட்டுத் திட்டாதே. திட்டினாலும் கடிதம் வந்து சேர நாளாகும், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். சித்திரை ஒண்ணாந்தேதி வேதாச்சலம் தாம்பாளத்தோடு வந்தான். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு புடவை. பண்டிகைக்குத்தானே கொடுக்கிறான் என்று வாங்கி வைத்தேன். மறுநாள் தெருவில் எல்லோரும் என்னைச் சம்பந்தி என்கிறார்கள். புருஷோத்தமனும் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டான். மாமா, கவலையே படாதீங்க, கீர்த்தி மேல நான் ஒரு கண்ணு வெச்சிக்கினுதான் இருக்கேன் என்றான். எவ்வளவு பொறுப்பான பையன் என்று நினைத்தேன். ஆனியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். கீர்த்தியிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த மொட்டையன் யார் என்று தெரிந்துகொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அதற்கு ஒரு யோசனை வைத்திருக்கிறேன். வேட்டி சட்டையில் போனால் அவள் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். வருகிற மாதம் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. ஊர்ப் பெண்களை விட்டுவைக்காத பாளையக்காரன் ஒளிந்துகொண்டபோது, அவனைத் தேடிக் கங்கம்மா நாளுக்கு ஒரு வேஷம் போட்டுத் தெருத்தெருவாகப் போனாள் இல்லையா, அதற்காக இன்றைக்கும் ஆம்பளைங்க வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுகிறார்கள். மீசை வைத்தவனெல்லாம் புடவை கட்டி, பூ வைத்து, அம்மனைக் கும்பிடப் போவான். அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு புடவை. என்னை யார் பார்க்கப் போகிறார்கள்? ஜாத்திரைக்கு ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், கோயில் பக்கத்துத் தெருவில்தான் அந்த கம்ப்யூட்டர் சென்டரும். உன் டிரங்குப் பெட்டியில் இருக்கிற பச்சைப் புடவையை எடுத்துக்கொள்கிறேன். அழுக்காகாமல் கொண்டுவந்து வைத்துவிடுவேன்.

மீசையை எடுக்க வேண்டியிருக்கும். அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.

உன்
சம்பத்


சித்தூர்
மே 20, 2001

அன்புள்ள சுலோசனா,

முதலில் ஒரு மன்னிப்பு. பச்சைப் புடவை அழுக்காகிவிட்டது. கீழ்க்கரை ஒரு சாண் கிழிந்தும் போயிற்று.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது, பொறுத்துக்கொண்டு படி.

புடவை கட்டிவிட்டது செங்கம்மா. எதுக்கு வேண்டுதல் என்று கேட்டாள். குவைத்துல இருக்கற பெண்டாட்டி நல்லபடியா வரணும்னு என்றேன். கொசுவத்தைச் செருகிக்கொண்டே என் மூஞ்சியைப் பார்த்தாள். டிபன் பாக்ஸை மோந்து பாக்கற மூஞ்சியாவே இருக்குது, பொய் சொல்லிக்கினு அம்மாகிட்ட போனா புடவை நிக்காது சாமி என்றாள். ஷெட்டுப் பொம்பளைங்க எல்லாம் சுற்றி நின்று, ஒருத்தி பொட்டு, ஒருத்தி பூ, ஒருத்தி கண்ணாடி வளையல் என்று ஜோடித்தார்கள். தினம் அவர்கள் பையைக் கிளறுகிற நான், சந்தைக்குப் போகிற மாடு மாதிரி நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் எங்க அக்கா தெரிந்தாள், செத்துப்போன அக்கா, கொஞ்சம் தாடை பெரிசாக.

திருப்பதி பஸ்ஸில் என்னைப்போல நாலைந்து பேர் புடவையில் இருந்தார்கள், யாரும் ஒன்றும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கோயில் தெருவில் இறங்கினதும்தான் கூட்டம். வேப்பிலையும் மஞ்சளும் தப்பட்டையுமாக நெருக்கி எடுக்கிறார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் எவனோ ஒருத்தன் இடுப்பில் கிள்ளிவிட்டான். திரும்பினால் எல்லா முகமும் சாமி கும்பிடுகிற முகம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரு முழங்கை. இந்த மூஞ்சிக்கே இந்த மரியாதை என்றால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. புடவையைத் தூக்குவதா, முந்தானையை இழுப்பதா, நடப்பதா, என்னைக் காப்பதா? கை இரண்டுதானே இருக்கு.

கம்ப்யூட்டர் சென்டர் எதிரே மோர்ப் பந்தல். அங்கே ஒதுங்கி நின்றேன். நின்ற இடத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு சுமோ. அதில் சாய்ந்துகொண்டு நம்ம புருஷோத்தமன், கூட இரண்டு பேர். மூஞ்சியில் குங்குமத்தை அப்பிக்கொண்டு, வேஷம் மாதிரி வேஷம் இல்லாமல். சொன்ன மாதிரியே காவலுக்கு வந்துவிட்டானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். போய்ப் பேசலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது அந்த ஸ்கூட்டர் வந்தது. பின்னால் கீர்த்தி. முன்னால் அந்தத் தலை! மொட்டை கொஞ்சம் வளர்ந்து, முள்ளு முள்ளாக, ஆம்பளைப் பையன் கிராப்பு மாதிரி. உடம்பு முழுக்கத் தொளதொள சட்டை. பாய்ந்து போய்த் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

சுலோசனா, அது ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். நெற்றி நிறையப் பொட்டு, காதில் தோடு, மூக்கில் முத்து. மாசியில் மலைக்குப் போய் முடி கொடுத்தாராம். பத்மினி மேடம். கீர்த்தியின் லெக்சரர்.

நான் பிடித்த கையை விடாமல் நிற்கிறேன். அந்த அம்மா என் பொட்டையும் பூவையும் பார்த்தார். அம்மன் வேஷம் தானே தேடி வந்து தோளைத் தொட்டிருக்கிறது என்று நினைத்து, ஸ்கூட்டரை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, கை கூப்பிக் குனிந்தார். கையும் களவுமாகப் பிடிக்க வந்தவன் என்ன செய்வேன்? கையில் இருந்த வேப்பிலையால் தலையைத் தடவி ஆசீர்வாதம் பண்ணினேன். முள்ளு முள்ளாகக் குத்தியது.

அடுத்து கீர்த்தி குனிந்தாள். என் காலைத் தொடப்போனவள் அப்படியே நின்றுவிட்டாள். புடவைக் கரையில் நீ இஸ்திரி போட்டுச் சுட்டுக்கொண்டு அப்புறம் மஞ்சள் நூலால் தைத்தாயே ஒரு இடம், அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நிமிரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அம்மா புடவை சேத்துல பொரளுது நைனா, தூக்கிப் பிடி.

மேடத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து நடந்துவிட்டாள்.

நான் அந்த இடத்திலேயே நின்றிருந்தால் இன்னும் ஒன்று தெரியாமல் போயிருக்கும். இரண்டு அடி போனதும் கீர்த்தி சுமோவைப் பார்த்தாள். பார்த்ததும் மேடத்துக்கு அந்தப் பக்கம் மாறிக்கொண்டாள். அந்த மாறுதல் இருக்கிறதே, அது ஒரு நாளில் வருகிற பழக்கம் இல்லை. புருஷோத்தமன் சாய்ந்திருந்தவன் எழுந்தான். மூன்று பேரும் பின்னாலேயே போனார்கள். அந்த ஜாத்திரையில் வேஷக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் பச்சையாகத் திட்டலாம், வாங்கினவர்கள் அம்மன் வாக்கு என்று சிரித்துக்கொண்டு போக வேண்டும் என்பது வழக்கம் இல்லையா? அதைச் சாக்கு வைத்துக்கொண்டு அவன் என் பெண்ணைப் பார்த்துச் சொன்னதை நான் எழுத மாட்டேன். உன் பேரும் அதில் இருந்தது, குவைத்தும் இருந்தது. எவன் வண்டியில போனாலும் கடைசியில என் வூட்டுக்குத்தான் வரணும், உங்க நைனா தட்டை வாங்கிட்டான்டி என்றது கடைசி.

அப்படித்தான் கீர்த்திக்குத் தாம்பாள விஷயம் தெரிந்தது. நடு ரோட்டில், அவன் வாயால்.

நான் யாரையும் அடித்தவன் இல்லை, உனக்குத் தெரியும். திட்டக்கூடத் தெரியாது. ஆனால் புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய் அவன் முன்னால் நின்றேன். பஸ் ஸ்டாண்டில், ஃபாக்டரியில், லாரி டிரைவர்கள் வாயில், இத்தனை வருஷமாகக் காதில் விழுந்ததெல்லாம் தமிழில் பாதி தெலுங்கில் பாதியாக வந்தது. சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அம்மா நல்லா வந்திருக்குது என்று கைதட்டினார்கள். ஒருத்தர் கற்பூரம் ஏற்றினார். புருஷோத்தமனும் முதலில் சிரித்தான். பெரியவர் ஒருத்தர் அதட்டினதும் என் காலில் விழுந்தான். விழுந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இந்தக் காலை போன மாதம்தான் தொட்டிருக்கிறான். குங்குமத்துக்கு அடியில் அவன் முகம் வெந்த கத்திரிக்காய் மாதிரி ஆனது. மாமா என்றான். டேய், தட்டு நாளைக்கு உன் வீட்டு வாசல்ல இருக்கும் என்றேன். அது மட்டும் திட்டு இல்லாமல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் புடவை அவிழ்ந்தது. செங்கம்மா சொன்னது பலித்துவிட்டது. உள்ளே பட்டாபட்டி டிராயர் இருந்ததால் மானம் மிஞ்சியது.

பத்மினி மேடம் ஒரு டீக்கடையில் எங்களை உட்கார வைத்துவிட்டு நாசூக்காகத் தள்ளிப் போய்விட்டார். கீர்த்தி ஊக்கு எடுத்து என் முந்தானையைக் குத்திவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பொங்கலில் இருந்தே அவன் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம். அதனால்தான் ஊருக்கு வரவில்லை. அதனால்தான் மேடம் வண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடுகிறார். ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல என்றேன். சொன்னா நீ அவனை என்ன பண்ணியிருப்பே நைனா, என்னைத்தானே மூட்டை கட்டி ஊருக்குக் கூட்டிக்கினு போயிருப்பே என்றாள். நான் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். பொட்டு வைத்த மூஞ்சியோடு பொய் வரவில்லை. அம்மாவுக்குத் தெரியும் என்றாள். அதற்கும் தலையாட்டினேன். சுத்தி யாரு நிக்கறாங்கன்னு பாரு என்று நீ எழுதினது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் நேராக எழுதவில்லை என்று கேட்க மாட்டேன். அவள் ஏன் சொல்லவில்லையோ, அதேதான்.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு ஒன்று கேட்டாள். கங்கம்மா வேஷம் போட்டு யாரைத் தேடினா நைனா? நீ யாரைத் தேடினே?

பஸ் ஏறினேன். வழியெல்லாம் பெண்கள் இடம் விட்டு உட்கார வைத்தார்கள், அம்மன் என்று.

உன்
சம்பத்


நகரி
ஜூலை 8, 2001

அன்புள்ள சுலோசனாவுக்கு,

உன் கடிதம் வந்தது. திட்டுவாய் என்று பயந்துகொண்டு, ஃபாக்டரியில் படிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தேன். நீ சிரித்திருக்கிறாய். பட்டாபட்டி டிராயர் இடத்தில் மேடம் வீட்டுப் பிள்ளைகளுக்கே அரபியில் சொல்லிச் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாய். திட்டியிருக்கலாம்.

மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கிறது. லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. செங்கம்மா டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினால் இப்போதெல்லாம் போம்மா போம்மா என்று விடுகிறேன். அவள் விடுவதில்லை. பாரு சாமி, பாத்துட்டு அனுப்பு, இல்லன்னா எனக்குக் கருவாடு ஜீரணம் ஆகாது என்கிறாள்.

தட்டை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேதாச்சலம் வாசலில் நின்று கத்தினான். ஜாத்திரையில விளையாட்டாப் பேசினதுக்கு இவ்ளோ பெரிசு பண்றியே மச்சான், ஊரு விட்டு ஊரு போற பொம்பளைங்களை நம்பி உறவை அறுக்கறே என்றான். நானும் அதே வாயால் அதே பேச்சு பேசினவன்தானே, அதனால் கோபம் முழுசாக வரவில்லை. உம் புள்ளை திருப்பதியில நிக்கற இடத்துல ஒரு நாள் புடவை கட்டிக்கினு போய் நில்லு மச்சான், அப்புறம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன். அதில் இருந்து தெருவில் எனக்குப் பேர் சம்பந்தி இல்லை. கங்கம்மா. கங்கையா ஒருத்தன்தான் வந்து மன்னிப்புக் கேட்டான். முதுகை மட்டும் பார்த்துச் சொன்னது தப்பு மாமா என்றான். நீ முதுகையாவது பாத்தே, நான் அதுகூடப் பாக்கலையே என்றேன்.

புருஷோத்தமன் சுமோ இப்போது பஸ் ஸ்டாண்டில் நிற்பதில்லையாம். மேடம் காலேஜில் எழுதிக் கொடுத்து, போலீஸ்காரர் ஒருத்தர் போய்ப் பேசிவிட்டு வந்தாராம். நான் திட்டினதால் இல்லை. அப்படி இருந்தால் எனக்கு நல்லா இருந்திருக்கும்.

கீர்த்தி பேசுகிறாள். போன் பண்ணினால் எடுக்கிறாள், சாப்ட்டியா நைனா, மாத்திரை போட்டியா நைனா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். முன்னே லேப்பில் நடந்தது, ஹாஸ்டல் குழம்பில் கரப்பான் விழுந்தது எல்லாம் சொல்லுவாளே, அது இல்லை. பூட்டின வீட்டில் விளக்கு மட்டும் எரிகிற மாதிரி இருக்கிறது. உன்னிடம் எல்லாம் சொல்கிறாள் இல்லையா? அது போதும். எனக்கும் கொஞ்சம் சொல்லச் சொல். அவசரம் இல்லை.

வருகிற மாதம் ஹைதராபாத் போகிறாள். ஆறு மாத ப்ராஜெக்ட். நான் கூட வந்து விட்டுவரட்டுமா என்று கேட்டேன். வேணாம் நைனா, நாங்க நாலு பேரு போறோம் என்றாள். அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். திருப்பதி ஸ்டேஷனுக்கு வந்து ஏத்திவிடலாமா என்று மட்டும் கேட்டேன். வா, ஆனா வேட்டி சட்டையில வா என்றாள். சிரித்தாளா இல்லையா என்று போனில் தெரியவில்லை. சிரித்தாள் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பச்சைப் புடவையைத் துவைத்து, கிழிந்த இடத்தை நானே தைத்தேன். உன் மஞ்சள் நூலுக்குப் பக்கத்தில் என் கருப்பு நூல், பார்க்கச் சகிக்காது. மீசை பாதி வளர்ந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. உன் கடற்கரை போட்டோவைப் பெரிசு பண்ணி ஃப்ரேம் போட நகரி ஸ்டூடியோவில் கொடுத்தேன். கடைக்காரப் பையன் பார்த்துவிட்டு, கீழே ஒரு நிழல் விழுது பெரியவரே, வெட்டிட்டா படம் சுத்தமா இருக்கும் என்றான். வேணாம்ப்பா, முழுசா போடு என்றேன். நடு வீட்டில், கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் உன் சிரிப்பைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த போட்டோ எடுத்தவங்களைப் பார்த்தால், ரொம்ப நல்லா எடுத்திருக்காங்கன்னு நான் சொன்னதாகச் சொல்லு. பேர் எழுத வேண்டாம். நீ வருகிற அன்றைக்கு ஏர்போர்ட்டில் நான் நிற்கிறேன். அதே மாதிரி சிரித்துக்கொண்டே வா, எனக்கு அது போதும்.

நல்லா இரு, தாயே.

சம்பத்